ஆயக்குடிக்குப் போன பென்டிரைவ்

எங்கள் மின்சாரக் காரில் மூன்று யூ.எஸ்.பி. ஓட்டைகள் இருக்கின்றன. முன்னால், கை எட்டும் தூரத்தில் இரண்டு. டாஷ்போர்டு பெட்டிக்குள் ஒன்று. முன்னால் இருப்பவற்றில் ஒன்று போனுக்குச் சார்ஜ் மட்டும் ஏற்றும், மற்றது பாட்டும் பாடும். எது எது என்று ஷோரூமில் சொன்னபோது நான் காதில் வாங்கவில்லை. முப்பது வருஷமாகப் பெண்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். எனக்கு யாராவது சொல்லிக் கொடுக்க வந்தால் காது தானாக அடைத்துக்கொள்ளும். முதல் இரண்டு வாரம் பாட்டு பென்டிரைவைச் சார்ஜ் ஓட்டையில் சொருகிவிட்டு, ஓட்டை வண்டியை நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று என் கணவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது ஓட்டை கேமராவுக்கானது. அதில் ஒரு பென்டிரைவைச் சொருகிவிட்டால் முன்கண்ணாடியில் இருக்கும் கேமரா சாலையைப் படம் பிடித்து அதில் போட்டுக்கொண்டே வரும். வண்டிக்குள் பேசுவதும் பதியும். ஒரு நிமிஷத்துக்கு ஒரு துண்டு. இடம் நிறைந்துவிட்டால் பழைய துண்டுகளை அழித்துவிட்டுப் புதியவற்றை எழுதிக்கொள்ளும். இதையெல்லாம் என் கணவர் ஒன்றுவிடாமல் கேட்டுவைத்திருந்தார். மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் விற்கிறவர், எந்த இயந்திரத்தின் சங்கதியையும் பொறுமையாகக் கேட்பார். வீட்டில் கிடந்த ஒரு பென்டிரைவைக் கொண்டுபோய்ச் சொருகினார். உள்ளே இருப்பதை அழிக்கட்டுமா என்று திரை கேட்டது. கேட்ட மாத்திரத்தில் ஆம் என்று அழுத்திவிட்டார். நான் சேர்த்து வைத்திருந்த தவக்காலப் பாட்டுகள் அத்தனையும் போயின. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆனால் இது அந்தக் கதை இல்லை.

எனக்குக் கார் என்பது பேசுவதற்கான இடம். நாகல் நகரில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் "ஆண்டவரே" என்பார்கள். அதனால் யாரைப் பற்றியாவது மனதாரத் திட்ட வேண்டும் என்றால் காரில் ஏறும்வரை பொறுத்திருப்பேன். பழைய டீசல் கார் இருந்தபோது அதன் சத்தத்துக்கு மேல் கத்த வேண்டியிருந்தது. மின்சாரக் காரில் அந்தத் தொல்லை இல்லை. பெருமூச்சு விட்டால்கூடக் கேட்கும். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. பதிவு செய்கிறவனுக்கும் அது வசதி என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கேமராவைப் பொருத்திய அதே வாரம் சனிக்கிழமை, மாப்பிள்ளை வீடு பார்க்க ஆயக்குடிக்குப் போனோம். எங்களுக்கு ஒரே மகள். பிசியோதெரபி படித்துவிட்டு வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை பழனிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆசிரியர். கொய்யாத் தோட்டம் வைத்திருக்கும் கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகு மகள் அந்த வீட்டில்தான், மாமனார் மாமியாரோடு இருக்கப்போகிறாள். வீடு பார்க்கப் பெண்ணை அழைத்துப் போகிற வழக்கம் இல்லை. சொந்தக்காரர்கள் வேனில் வந்தார்கள், நாங்கள் இருவரும் காரில்.

திரும்பி வருகிற வழியில்தான் எல்லாம் நடந்தது. வண்டியை எடுத்ததும் ஜெபமாலை சொல்வது எங்கள் வழக்கம். ஐந்து பத்துமணிகள்; ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு மறையுண்மை, பிறகு பத்து அருள் நிறைந்த மரியே. ஒவ்வொரு பத்து முடிந்ததும் செத்த நேரம் இடைவெளி விடுவோம். அந்த இடைவெளிதான் எனக்கு எமன்.

முதல் பத்து முடிந்ததும் காப்பியை எடுத்தேன். "கை கழுவுற சூட்டுல ஒரு காப்பி. அதைக் குடுத்துட்டு நல்லா இருக்குங்களா, நல்லா இருக்குங்களான்னு நாலு தடவ கேக்குறாக." இரண்டாவது பத்து முடிந்ததும் சாப்பாடு. "ஏழு வகை வெஞ்சனம். ஒண்ணுலயாவது உப்பு இருந்துச்சா? நீங்க எப்படித்தான் அம்புட்டையும் சாப்டீங்களோ." மூன்றாவதுக்குப் பிறகு சம்பந்தியம்மாவின் பேச்சு. "முன்னாடி ஒரு ஏனுங்க, பின்னாடி ஒரு சரிங்க, நடுவுல ஒண்ணுமே கெடையாது. அந்தம்மா சிரிக்கிறதகூட அளந்து பாத்துத்தான் சிரிக்குது." என் கணவர் ஒட்டன்சத்திரம் சந்தை லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓட்டிக்கொண்டே, "அடுத்த மறையுண்மையச் சொல்லு" என்றார். சொன்னேன். மாதா மேல் எனக்குப் பக்தி உண்டு. பத்து அருள் நிறைந்த மரியே சொல்லி முடிப்பதற்குள் அடுத்த குறையும் தயாராக இருந்தது.

ஐந்தாவது பத்தும் முடிந்த பிறகு குறைகள் தீர்ந்துவிட்டன. குறை தீர்ந்ததும் அழுகை வந்தது. ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். "நம்ம மகளுக்குக் காலைல எந்திரிச்சா அரை மணி நேரத்துக்குப் பேச்சே வராது. பிறந்ததுலருந்து அப்படித்தான். முகத்தப் பாத்தா யாரையோ வெட்டப்போற மாதிரி இருக்கும். நம்ம வீட்டுல நமக்குத் தெரியும், விட்டுருவோம். அங்க அஞ்சு மணிக்கே வீடு மொத்தமும் பேசுதாம். இவ முகத்தப் பாத்துட்டு, வந்த மருமக மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான்னுதானே நெனைப்பாங்க? இத எப்படிங்க நான் போய் அவங்ககிட்டச் சொல்றது?" திண்டுக்கல் வரும்வரை நான் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தேன்.

அடுத்த வாரம் எங்கள் ஊரில் நிச்சயதார்த்தம் நன்றாகவே நடந்தது. உப்பு, காப்பிச் சூடு இரண்டையும் நானே நின்று பார்த்துக்கொண்டேன். யாரும் என்னைக் குறை சொல்லிவிடக் கூடாதல்லவா.

அதற்கு அடுத்த ஞாயிறு எங்கள் கோவிலில் முதல் ஓலை வாசித்தார்கள். எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பெண் வீட்டுப் பங்குக் கோவிலிலும் மாப்பிள்ளை வீட்டுப் பங்குக் கோவிலிலும் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று. மகளின் பெயரைப் பீடத்திலிருந்து கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். வெளியே வந்து பார்த்தால் காரின் முன் பம்பரில் எவனோ ஸ்கூட்டரை உரசிவிட்டுப் போயிருக்கிறான். வரும்போது உரசினானா, நிறுத்திய பிறகா என்று கேமராவில் பார்த்துவிடலாம் என்று டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். ஓட்டை காலியாக இருந்தது.

"பென்டிரைவ் எங்கங்க?"

"அதையா தேடுற? சம்பந்தி வீட்டுல குடுத்தாச்சுல்ல" என்றார் என் கணவர், பம்பரைக் குனிந்து பார்த்தபடி. நிச்சயதார்த்தம் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் கிளம்பும் நேரத்தில், எடுத்த வீடியோவை அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடலாம், பென்டிரைவ் இருக்கிறதா என்று ஸ்டூடியோக்காரர் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை, கடை ஒன்றும் திறக்கவில்லை. இவருக்குக் காரில் ஒன்று இருப்பது ஞாபகம் வந்திருக்கிறது. "பெரிய பென்டிரைவ். பாதிக்கு மேல சும்மாத்தானே கெடந்துச்சு" என்றார்.

"அதுல இருந்தத அழிச்சீங்களா?"

"எதுக்கு அழிக்கணும்? வெறும் ரோடுதானே."

"குரலும் பதியும்னு நீங்கதானேங்க சொன்னீங்க?"

அவர் நிமிரவில்லை. உரசலே இல்லாத இடத்தையும் சேர்த்து ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் கணக்கு டீச்சர். வீட்டுக்கு வருவதற்குள் கணக்குப் போட்டு முடித்துவிட்டேன். இடம் நிறைந்தால்தான் பழைய துண்டு அழியும். பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது என்றால் ஒரு துண்டுகூட அழியவில்லை. காப்பி, உப்பு, அளந்து சிரித்த சிரிப்பு, எல்லாம் நிமிஷ நிமிஷமாக வெட்டி, வரிசையாக அடுக்கி, ஆயக்குடிக்குப் போய்விட்டது. அங்கே சுவர் அகலத்துக்கு ஒரு டி.வி. இருக்கிறது. அதில் பென்டிரைவ் சொருகிப் பார்க்கலாம் என்று மாப்பிள்ளையே என்னிடம் பெருமையாகக் காட்டியிருந்தார்.

போன் போட்டு, தவறுதலாக வந்துவிட்டது, பார்க்காமல் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கலாம் என்றார் என் கணவர். பார்க்காதே என்று சொன்னால் பார்க்காமல் விடுகிற ஜென்மம் பூமியில் உண்டா? நான் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பேன். பேசாமல் இருப்போம், நிச்சயதார்த்த வீடியோவை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள் என்று அவரை அடக்கினேன்.

பேசாமல் இருப்பது லேசாக இல்லை. மகளிடம் சொல்லவில்லை. அவள் மாப்பிள்ளையோடு போனில் சிரிக்கிறாளா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்தால் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். திங்கள் சிரித்தாள். செவ்வாய் சிரித்தாள். புதன்கிழமை சிரிக்கவில்லை. போய் ஜாடைமாடையாக விசாரித்தால், அவளுக்குப் பல்வலியாம். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஓலையில் வாசித்தது காதிலேயே நின்றது. யாரும் போய்ச் சாமியாரிடம் சொல்ல வேண்டியதில்லை, பெண்ணின் தாய் வாயே போதும். கல்யாணம் நின்றுவிடும் என்றுகூட நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. நிற்காமல் நடந்து, என் பேச்சுக்கெல்லாம் என் மகள் அந்த வீட்டில் தினமும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டி வருமே என்றுதான் பயந்தேன்.

வியாழக்கிழமை மதியம், பள்ளிக்கூடத்தில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது சம்பந்தியம்மா கூப்பிட்டார்கள்.

"ஏனுங்க சம்பந்தியம்மா, நல்லா இருக்கறீங்களா? அந்தப் பென்டிரைவைப் போட்டுப் பார்த்தமுங்க. அதுல உங்க காருல எடுத்ததும் கெடக்குதுங்க. சனிக்கெழமை ஒருக்கா வந்துட்டுப் போங்க, கையில குடுத்தர்றனுங்க."

"எல்லாத்தையும் பாத்தீங்களா?" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"வாங்க, நேர்ல பேசிக்கலாமுங்க."

அன்று அந்த டிபன் பாக்ஸை அப்படியே மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சனிக்கிழமை காலையில் பூக்கடையில் நல்ல நிலக்கோட்டை மல்லியாகப் பார்த்து நாலு முழம் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். டாஷ்போர்டு பெட்டிக்குள் ஓட்டை காலியாகத்தான் இருந்தது. இருந்தாலும் நான் வாயைத் திறக்கவில்லை. ஜெபமாலை மட்டும் சொன்னேன். ஒரு பத்துக்கும் இன்னொரு பத்துக்கும் நடுவில் மூச்சு விடவும் இடைவெளி கொடுக்கவில்லை. "இம்புட்டுச் சீக்கிரம் முடிஞ்சிருச்சே" என்றார் என் கணவர்.

ஆயக்குடி வீட்டில் சம்பந்தி வாசலிலேயே நின்று கூப்பிட்டார். கூடத்தில் உட்கார வைத்துக் கொய்யாப்பழத்தை நறுக்கி மிளகாய்ப்பொடி தூவிக் கொண்டுவந்து வைத்தார்கள். டி.வி. அணைந்திருந்தது. நான் அதைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

சம்பந்தியே பேச்சை எடுத்தார். "பென்டிரைவைச் சொருகுனதும் மொதல்ல உங்க காருதானுங்க வந்துச்சு. தள்ளிக்கிட்டே வந்தா நம்ம கேட்டைத் தாண்டுது, அதுக்குள்ள ஜெபமாலை ஆரம்பிச்சாச்சு. எங்கூட்டுல வண்டி ஏறுனா தூக்கந்தானுங்க. எங்க பையங்கிட்டச் சொன்னேன், பாத்துக்கடா, எப்பேர்ப்பட்ட குடும்பத்துல பொண்ணு எடுக்கறோம்னு."

என் கணவர் தொண்டையைச் செருமினார். "அப்பறம்?"

"அப்பறம் என்னுங்க? இவ ரிமோட்டை வாங்கி அதை நிறுத்திட்டா. அவங்க ஜெபம் பண்றது நமக்கு எதுக்கு, நிச்சயதார்த்தத்தைப் போடுன்னுட்டா. அதைத்தான் எல்லாரும் ரெண்டு தடவை பார்த்தமுங்க."

ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்காத தொண்டையில் கொய்யாத் துண்டு ஒவ்வொன்றாக இறங்கியது. தட்டு முழுவதையும் நானே தின்றுவிட்டேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். முதல் பத்து முடிவதற்குள் நிறுத்திவிட்டார்கள். மாதா காப்பாற்றினாள் என்று நினைத்தேன். இப்படி நிம்மதியில் மூழ்கிக் கிடந்தபோது, "சம்பந்தியம்மா, செத்த இங்க வாங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

போனேன். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. சம்பந்தியம்மா அதை அப்படியே டிகாக்‌ஷனில் ஊற்றிக் கலக்கி, டம்ளரை ஒரு துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். துணியையும் மீறிச் சுட்டது.

"சூடு போதுமுங்களா?" என்றார்கள்.

நான் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்கள். அளந்து சிரித்த சிரிப்பாக அது இல்லை.

"முழுசும் கேட்டனுங்க" என்றார்கள், குரலைத் தாழ்த்தி. "இவங்களுக்கு ஜெபத்தை மட்டுந்தான் காட்டுனேன். மறுநாள் எல்லாரும் தோட்டத்துக்குப் போனப்பறம் தனியா உக்காந்து, ஒவ்வொரு துண்டாப் போட்டு, திண்டுக்கல் வரைக்கும் உங்ககூடவே வந்தனுங்க."

வகுப்பில் பதில் தெரியாமல் நிற்கும் பிள்ளைகளை நான் எவ்வளவு நேரம் நிற்க வைத்திருப்பேன் என்பதெல்லாம் ஞாபகம் வந்தது. "மன்னிச்சுக்கங்க. எனக்கு வாய்தான் இப்படி" என்றேன்.

"கோவம் வந்துச்சுங்க. வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன். பாதியில நிறுத்திப்போட்டுப் போயி ஒரு வாளித் துணி தொவைச்சனுங்க. அப்பறம் யோசிச்சேன். உப்பில்லைன்னது நெசந்தானே. அன்னிக்குப் பொண்ணைப் பெத்தவங்க வர்றாங்கன்னு எனக்குக் கையே ஓடலீங்க. உப்புப் போட்டனா இல்லையான்னே தெரியலை. அதுக்குப் பயந்துதான் பேச்சும் வரலை. சரி, மிச்சத்தையும் கேட்டுப்போடலாம்னு வந்து உக்காந்தனுங்க." பாத்திரத்தைத் தேய்க்கிற மாதிரி அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்கள். "உக்காந்தது நல்லதாப்போச்சு. இல்லீன்னா நீங்க கடைசியில அழுதது எனக்குத் தெரியாமயே போயிருக்கும்."

நான் காப்பியைக் குடிக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். நாக்கு வெந்தது.

"எங்கூட்டுல விடிஞ்சா சத்தந்தானுங்க. இவரு ஒரு பக்கம், ரேடியோ ஒரு பக்கம். இப்பவே சொல்லி வெச்சுட்டேன், புள்ளை வந்தா காலையில அரை மணி நேரம் யாரும் பேச்சுக் குடுக்கக் கூடாதுன்னு. ஏன்னு கேட்டாங்க. நான் காரணஞ் சொல்லலீங்க." முந்தானை முடிச்சிலிருந்து பென்டிரைவை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தார்கள். "நிச்சயதார்த்தத்தை எங்க பையன் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டான். இதைப் பத்திரமா வெச்சுக்கங்க."

நான் கொண்டுபோன மல்லியை அவர்கள் தலையில் வைத்துவிட்டேன்.

திரும்பும்போது காரில் ஏறியதும் பென்டிரைவை அந்த மூன்றாவது ஓட்டையில் நானே சொருகினேன். வேண்டாம் என்று என் கணவர் கையைப் பிடித்தார். பதியட்டும் விடுங்கள் என்றேன். ஆயக்குடியிலிருந்து திண்டுக்கல் வரை, பத்துக்கும் பத்துக்கும் நடுவில், சம்பந்தியம்மாவைப் பற்றி நான் சொன்னதெல்லாம் அதில் இருக்கிறது. "மூணு வாரம் முன்னாடி வேற மாதிரி சொன்ன" என்றார் அவர். "இதையும் ஒரு நாள் மறந்தாப்ல அவங்ககிட்டக் குடுத்துட்டு வாங்க" என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்தோம்.

இரண்டாவது ஓலையும் மூன்றாவது ஓலையும் வாசித்தார்கள். தடை ஒன்றும் இல்லை. கல்யாணம் முடிந்து மகள் ஆயக்குடிக்குப் போனாள்.

போன மாதம் ஒரு நாள், நேரத்தைப் பார்க்காமல், விடிந்ததும் மகளுக்குப் போன் போட்டுவிட்டேன். மணி ஆறரைதான் இருக்கும். எடுத்தது சம்பந்தியம்மா. பின்னால் ரேடியோ இல்லை, பாத்திரச் சத்தம் இல்லை, சம்பந்தியின் குரலும் இல்லை. யாருடைய தூக்கமோ கலைந்துவிடும் என்கிற மாதிரி மெதுவாகப் பேசினார்கள்.

"ஏனுங்க, புள்ளை இப்பத்தானுங்க எந்திரிச்சிருக்குது. ஏழு மணிக்கு மேல கூப்புடுங்க."

சரிங்க என்று சொல்லிப் போனை வைத்தேன்.